பள்ளி ஆலோசகர் மகளைத் தனியாக அழைத்துப் பேசினால் கவலைப்பட வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸில் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் எங்கள் மகளைப் பள்ளி ஆலோசகர் இரண்டு முறை தனியாக அழைத்துப் பேசியிருக்கிறார். பாடத் தேர்வைப் பற்றி மட்டுமல்லாமல் தூக்கம், நண்பர்கள், வீட்டுச் சூழல் பற்றியும் கேட்டாராம். நாங்கள் படித்த பள்ளிகளில் இப்படி ஒருவர் இருந்ததில்லை. இவருடைய வேலைதான் என்ன? நாங்கள் கவலைப்பட வேண்டுமா?

முதலில் கவலைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளை ஆலோசகர் அழைத்துப் பேசுவது வழக்கமான ஒன்று. எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், மதியம் யாருடன் சாப்பிடுகிறாய், மனம் சரியில்லாதபோது யாரிடம் பேசுவாய் என்பவை சாதாரணமாகக் கேட்கும் கேள்விகள். உங்கள் மகளிடம் ஏதோ குறை கண்டுவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. இரண்டாவது முறை அழைத்ததற்குப் பெரும்பாலும் பாட அட்டவணை காரணமாக இருக்கும். இல்லையென்றால், முதல் சந்திப்பில் அவள் சொன்ன ஏதோ ஒன்றை மறக்காமல் வைத்திருந்து விசாரித்திருப்பார். அப்படியானால் உங்களுக்கு நல்ல ஆலோசகர் வாய்த்திருக்கிறார்.

அவருடைய வேலை என்ன என்பதற்குத்தான் நீண்ட பதில் தேவை. டெக்சாஸ் அரசுப் பள்ளியில் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன். இந்தப் பணியின் எல்லையை ஆலோசகர்கள் ஒருபோதும் தாங்களாக வகுத்துக்கொண்டதில்லை. நாட்டுக்கு ஒரு புதிய அச்சம் வரும்போதெல்லாம் அந்த அச்சத்துக்கான வேலை ஆலோசகரின் மேசைக்கு வந்தது. பழைய வேலை எதையும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் மகளின் ஆலோசகர் ஏன் ஒரே நாளில் பாட அட்டவணையையும் தூக்கமின்மையையும் பேசுகிறார் என்பதை இந்த வரலாறு தெரிந்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

தொடக்கம் தொழிற்சாலையும் குடியேற்றமும். 1907இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஜெஸ்ஸி டேவிஸ் என்ற பள்ளி முதல்வர், ஆங்கில வகுப்புகளிலேயே தொழில், நடத்தை ஆகியவற்றைப் பற்றிய பாடங்களைச் சேர்க்கச் செய்தார். அடுத்த ஆண்டு பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ், புதிதாகக் குடியேறியவர்கள் நிறைந்த நார்த் எண்ட் பகுதியில், இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் ஒரு நிலையத்தைத் தொடங்கினார். உன்னை அறிந்துகொள், தொழிலை அறிந்துகொள், இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் முறை. அதே ஆண்டில் அவர் இறந்துவிட்டார். ஆனால் பாஸ்டன் பள்ளிகள் அவருடைய யோசனையை ஏற்று, நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைத் தொழில் ஆலோசகர்களாக நியமித்தன. அவர்களுக்குக் கூடுதல் சம்பளம் இல்லை. பாடம் நடத்தும் வேலையும் குறைக்கப்படவில்லை. இந்தப் பணியின் பிறவிக் குறை அங்கேயே தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் இந்தியாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வகுத்தது. மிக நல்ல முடிவு. ஆனால் ஏற்கெனவே ஆறு பாடவேளை எடுக்கும் ஓர் ஆசிரியரின் பெயருக்குப் பக்கத்தில் "ஆலோசகர்" என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டால், பாஸ்டன் நூறாண்டுகளுக்கு முன்பு செய்த அதே தவறைத்தான் நாமும் செய்தவர்களாவோம். தமிழ்நாட்டில் பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அமெரிக்கக் கதைக்குத் திரும்புகிறேன். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. அறிவியலில் பின்தங்கிவிட்டோம் என்ற பயம் அமெரிக்காவைப் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் ஒரு முழுப் பகுதி பள்ளி வழிகாட்டலுக்கும் சோதனைத் தேர்வுகளுக்கும் ஒதுக்கப்பட்டது. கணிதத்திலும் அறிவியலிலும் திறமை உள்ள பிள்ளைகளைக் கண்டுபிடித்துக் கல்லூரிக்கு அனுப்புவது நோக்கம். ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் போனது. சில ஆண்டுகளில் அவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், 250 முதல் 300 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று பரிந்துரைத்தார். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

அந்தக் காலத்து ஆலோசகருக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. யார் கல்லூரிக்குத் தகுதியானவர், யார் பட்டறைக்குப் போக வேண்டியவர் என்று தரம் பிரிக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. கறுப்பினப் பிள்ளைகளும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதனால் இழந்தது அதிகம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு நீ பொருத்தமானவள் என்று தோன்றவில்லை என்று தம் பள்ளி ஆலோசகர் சொன்னதை மிஷேல் ஒபாமா வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அவர் பிரின்ஸ்டனில் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு வெள்ளை மாளிகையிலிருந்து பள்ளி ஆலோசகர்களை ஊக்குவிக்கும் முயற்சியையும் நடத்தினார். எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் அந்த ஒரு வாக்கியத்தை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். கதவைத் திறந்துவைப்பது மட்டுமே எங்கள் வேலை. அதைச் சாத்தும் உரிமை எங்களுக்கு இல்லை.

1970களில் மாற்றுத்திறனாளி மாணவர்களின் கல்வி உரிமைகள் சட்டமாயின. தேவையான சட்டங்கள்தான். ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் தேவைப்படும் வசதிகளை ஆவணப்படுத்தி, கூட்டங்கள் நடத்தி, ஆசிரியர்கள் அதைப் பின்பற்றுகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு பல பள்ளிகளில் ஆலோசகரிடம் வந்தது. 2001ஆம் ஆண்டுக்குப் பிறகு மாநிலத் தேர்வுகளின் காலம். தேர்வுத் தாள்களை எண்ணுவது, அறை ஒதுக்குவது, கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது என எல்லாவற்றுக்கும் பாடம் நடத்தாத ஓர் ஆள் தேவைப்பட்டார். ஆலோசகர் கண்ணில் பட்டார். வசந்த காலத்தில் டெக்சாஸின் மாநிலத் தேர்வான ஸ்டார் நடக்கும் வாரங்களில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து கதவைத் தட்டினால், ஆலோசகர் தேர்வுத் தாள் அறையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்த காலத்தை நான் கண்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் என்னை மிகவும் கோபப்படுத்தியது அதுதான்.

இதில் டெக்சாஸ் தனக்கென்று சிலவற்றைச் சேர்த்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகள் ஐந்து துறைப் பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: அறிவியலும் தொழில்நுட்பமும், வணிகமும் தொழிலும், பொதுச் சேவை, கலையும் மானுடப் பாடங்களும், பல்துறை. உங்கள் மகளுடன் நடந்த முதல் சந்திப்பு இதற்காகத்தான் இருந்திருக்கும். நான்கு ஆண்டுகளுக்கான தனிப்பட்ட திட்டம் ஒவ்வொரு மாணவருக்கும் எழுதப்பட வேண்டும். நடுவில் மாற்றிக்கொள்ள வழி உண்டு, ஆகவே பதினான்கு வயதில் வாழ்க்கை முடிவாகிவிட்டது என்று யாரும் பதற வேண்டாம். அடுத்து, 2021-22 கல்வியாண்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் கல்லூரி நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும், அல்லது வேண்டாம் என்று கையெழுத்திட்ட படிவம் தர வேண்டும். இல்லையென்றால் உயர்நிலைப் பள்ளிப் பட்டம் கிடைக்காது. யார் நிரப்பினார், யார் நிரப்பவில்லை என்று துரத்துவதும் ஆலோசகரே.

பிறகு வகுப்புத் தரவரிசை. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் பள்ளியின் முதல் 10 சதவீத மாணவர்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1997ஆம் ஆண்டுச் சட்டம். ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அங்கே 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து அது முதல் 5 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது. நம் குடும்பங்கள் அடர்த்தியாக வசிக்கும் புறநகர்ப் பள்ளிகளில் இந்தச் சுருக்கம் என்ன செய்கிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். சராசரி மதிப்பெண்ணின் இரண்டாவது தசம இடத்துக்காகத் தனக்குப் பிடித்த ஓவிய வகுப்பை விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லாப் பாடத்திலும் நல்ல மதிப்பெண் வைத்துக்கொண்டு தன்னைத் தோற்றவள் என்று நினைக்கும் பெண் இருக்கிறாள். தூக்கத்தைப் பற்றி ஆலோசகர் ஏன் கேட்டார் என்று யோசித்தீர்கள் அல்லவா? அவருக்கு இந்தப் பள்ளிகளின் இரவுகள் தெரியும்.

கடைசியாக வந்த அச்சங்கள் மிகக் கனமானவை. 1999இல் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, ஆபத்தான அறிகுறிகளைக் கண்டறியும் குழுக்களில் ஆலோசகர் சேர்க்கப்பட்டார். பெருந்தொற்று வந்து பள்ளிகளை மூடித் திறந்தபோது, திரும்பி வந்த பிள்ளைகள் போனபோது இருந்தவர்களாக இல்லை. 2021 அக்டோபரில் குழந்தை மருத்துவர்களின் அமைப்புகள் சேர்ந்து பிள்ளைகளின் மனநலத்தைத் தேசிய அவசரநிலை என்று அறிவித்தன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 42 சதவீதத்தினர், மாணவிகளில் 57 சதவீதத்தினர், தொடர்ந்து சோகமாகவோ நம்பிக்கையற்றோ உணர்ந்ததாகச் சொன்னார்கள். இப்போது பல பள்ளி மாவட்டங்களில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள் இவை) மாணவர்களின் பள்ளி இணையக் கணக்குகளை மென்பொருள் கண்காணிக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை தேடுபொறியில் தட்டிய சொற்கள் எச்சரிக்கையாக வந்து சேரும். காலையில் அந்தப் பிள்ளையை அழைத்துப் பேச வேண்டியவர் ஆலோசகர்தான்.

இத்தனையும் எத்தனை பேருக்கு? அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைப்பது 250 மாணவர்களுக்கு ஒருவர். கோனன்ட் சொன்ன அதே எண்தான். 2023-24இல் நாட்டின் சராசரி 376. அதாவது ஸ்புட்னிக் காலத்தில் கேட்ட இடத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் வேலை பல மடங்கு பெருகிவிட்டது. பெருந்தொற்றுக்கால நிவாரண நிதியைக் கொண்டு பல மாவட்டங்கள் ஆலோசகர்களை நியமித்தன. 2024 செப்டம்பருடன் அந்த நிதிக்கான கெடு முடிந்தது. டெக்சாஸின் யுவால்டி நகரில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்ட பிறகு, 2022 ஜூனில் இரு கட்சிகளும் சேர்ந்து நிறைவேற்றிய சட்டம் பள்ளி மனநலப் பணியாளர்களுக்காக நூறு கோடி டாலர் ஒதுக்கியது. 2025 ஏப்ரலில் மத்தியக் கல்வித் துறை அந்த மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது, வழக்குகள் தொடர்ந்தன. இந்தப் பணத்தை நம்பிப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களையும் வேலையில் அமர்ந்தவர்களையும் எண்ணிப் பார்த்தால் மனம் கசக்கிறது. பிள்ளைகள் ஒருவரை நம்பத் தொடங்கவே ஓராண்டு ஆகும். அதற்குள் அவரை அனுப்பிவிட்டால் அடுத்து வருபவரிடம் அவர்கள் வாயே திறப்பதில்லை.

2023இல் டெக்சாஸ் இன்னொரு சட்டம் இயற்றியது: மதபோதகர்களைப் பள்ளிகள் மாணவர் ஆதரவுப் பணியில் அமர்த்திக்கொள்ளலாம், அவர்களுக்கு மாநிலக் கல்வியாளர் சான்றிதழ் தேவையில்லை. பெரிய மாவட்டங்கள் பலவும் வேண்டாம் என்று தீர்மானித்தன. எனக்கு எந்த மதத்தின் மீதும் குறை இல்லை. ஆனால் முதுகலைப் பட்டமும் மேற்பார்வையில் பயிற்சியும் மாநிலத் தேர்வும் முடித்தவர் செய்யும் வேலைக்கு அவை எதுவும் இல்லாதவரை வைப்பது சரியல்ல. பலவிதமான குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியில் அது இன்னும் சரியல்ல.

இனி உங்களுக்கு நேரடியாகத் தேவையானவை. ஆலோசகர் மருத்துவர் அல்ல. நோய்க்குப் பெயர் வைக்க மாட்டார், மருந்து எழுத மாட்டார், மாதக்கணக்கில் சிகிச்சையும் தர மாட்டார். அது தேவை என்று தோன்றினால் வெளியே யாரைப் பார்க்கலாம் என்று உங்களிடம் சொல்வார். மகள் அவரிடம் பேசியது கல்லூரிக்குப் போகும் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாது. நம் வீடுகளில் இந்தப் பயம் பெரிது: பெயர் கெட்டுவிடுமோ, நாளை கல்யாணப் பேச்சில் வந்துவிடுமோ என்று. வராது.

மகள் சொன்னதையெல்லாம் அவர் உங்களிடம் ஒப்பிக்க மாட்டார் என்பதும் உண்மை. பள்ளி ஆவணங்களைப் பார்க்கும் உரிமை 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு உண்டு. ஆலோசகர் தம் நினைவுக்காக எழுதி, தம்மிடமே வைத்துக்கொள்ளும் குறிப்புகள் அதில் சேரா. ஆனால் அவள் தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளக்கூடும் என்று தெரிந்தால், அன்றே உங்களை அழைப்பார். அந்த அழைப்பு வந்தால் தயவுசெய்து "எங்கள் பெண் அப்படிப்பட்டவள் இல்லை" என்று தொடங்காதீர்கள். உடனே கிளம்பிப் போங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது என்பது ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்டிருக்கிறது. ஆகவே ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று ஆலோசகரிடம் கோபிக்க வேண்டாம். நீங்களும் கேட்கலாம். இரவு நேரத்தில் உதவி வேண்டுமானால் 988 என்ற எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு பிள்ளை வீட்டில் துன்புறுத்தப்படுவதாக நம்பக் காரணம் இருந்தால், அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிப்பது ஆலோசகரின் சட்டக் கடமை. டெக்சாஸில் அந்தக் கடமையை இன்னொருவர் தலையில் வைக்கவும் முடியாது. பெல்ட்டால் அடிப்பதை நம்மில் சிலர் இன்னும் வளர்ப்பு முறை என்கிறார்கள். பிள்ளையின் உடம்பில் தழும்பைப் பார்த்த பிறகு ஆலோசகருக்கு வேறு வழி கிடையாது. புகார் போனாலே பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்பது தவறான எண்ணம்; பெரும்பாலும் விசாரணையும் ஆலோசனையுமாக முடியும். ஆனாலும் அந்தக் கையை ஓங்காமல் இருப்பதே பிள்ளைக்கு நல்லது.

விசா விஷயத்தில் மட்டும் நீங்களாகவே பேச்சை எடுக்க வேண்டும். 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு, டெக்சாஸின் டைலர் நகரப் பள்ளிகளைப் பற்றியது, குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதனால் பள்ளிகள் விசாவைப் பற்றிக் கேட்பதில்லை. உங்கள் மகள், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்குத் தரும் எச்-4 விசாவில் இருந்தால் ஆலோசகருக்கு அது தெரியவே தெரியாது. மத்திய நிதியுதவி அவளுக்குக் கிடையாது, ஊதியம் தரும் கோடைக்கால வேலைக்குப் போக முடியாது, 21 வயதில் அந்த விசா முடிந்துவிடும் என்பதெல்லாம் அவளுடைய கல்லூரித் திட்டத்தையே மாற்றக்கூடியவை. நண்பர்கள் எல்லோரும் வேலைக்குப் போகும்போது தான் மட்டும் ஏன் போகவில்லை என்று சொல்ல முடியாமல் திணறும் நம் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பதினோராம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஆண்டே சொல்லிவையுங்கள்.

அவரைச் சந்திக்க நல்ல நேரம் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர். பள்ளி திறந்த முதல் வாரங்களில் அட்டவணை மாற்றம் கேட்டு நீண்ட வரிசை நிற்கும்; ஜனவரி, பிப்ரவரியில் அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வு. மின்னஞ்சலில் நேரம் கேட்டுப் போங்கள். போனவுடன் தரவரிசையைக் கேட்காமல், மகளை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கல்லூரிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போவதும் இவரே. நானூறு பிள்ளைகளில் ஒருத்தியாக அவளை அவர் அறிந்திருந்தால் நான்கு வரிதான் எழுத முடியும். பள்ளி பெற்றோரிடம் தரும் குறிப்புப் படிவத்தில் பரிசுகளையும் பதக்கங்களையும் மட்டும் நிரப்பாதீர்கள். ஊரிலிருந்து பாட்டி வந்து தங்கியபோது மருத்துவமனையில் மொழிபெயர்த்தது அவள்தான் என்பது போன்றவற்றை எழுதுங்கள். கடிதத்தில் உயிருள்ள வரி அங்கிருந்துதான் வரும்.

கடைசியாக, பெற்றோரால் மட்டுமே செய்ய முடிகிற ஒரு வேலை. டெக்சாஸில் 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆலோசகர் தம் வேலை நேரத்தில் குறைந்தது 80 சதவீதத்தை ஆலோசனைப் பணிக்கே செலவிட வேண்டும் என்கிறது. தேர்வு நடத்துவது அந்தக் கணக்கில் வராது. ஆள் பற்றாக்குறையைக் காட்டி அந்த அளவைக் குறைத்துக்கொள்ளவும், மாவட்டப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்துக்கு வழி தந்திருக்கிறது. உங்கள் மாவட்டம் அப்படி ஏதாவது தீர்மானம் போட்டிருக்கிறதா, உங்கள் பள்ளியில் ஓர் ஆலோசகருக்கு எத்தனை மாணவர்கள், தேர்வுப் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் வாரியத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாரியக் கூட்டங்களில் பொதுமக்கள் பேசச் சில நிமிடம் ஒதுக்குவார்கள். முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். வசந்த காலத்தில் வரவு செலவுத் திட்டம் பேசப்படும் கூட்டங்களுக்குப் போங்கள். ஆலோசகர் அங்கே எழுந்து தனக்காகப் பேசுவது கடினம். அவருக்குச் சம்பளம் தருவதே அந்த வாரியம். நம் சமூகத்தினர் அந்த அரங்குகளில் பாட அட்டவணைக்காகவும் புதிய கணித வகுப்புக்காகவும் நன்றாகவே பேசுகிறார்கள். இதற்காகவும் இரண்டு பெற்றோர் எழுந்து பேசினால், அடுத்த தேர்வு வாரத்தில் அந்த அறைக் கதவு பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும்.